குருவிக்காக வெடிக்காத தெரு

1

கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களோடு ஏசி வேனில், வழிகாட்டியும் வைத்துக்கொண்டு தன் சொந்தத் தெருவைச் சுற்றிப் பார்க்கப் போன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பரிசாக என் மகள் கயல்விழி இந்தப் பறவைப் பயணத்துக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் பதிவு செய்திருந்தாள். அவளுக்குப் பறவை என்றால் உயிர். குளிரில், சேற்றில், மணிக்கணக்காக நிற்பாள். என்னோடு பேச மட்டும் நேரம் இருக்காது. போன் செய்தால், "அம்மா, இப்ப ஒரு வாத்து பாத்துட்டிருக்கேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுவாள். தமிழ் கேட்டால் புரியும். பேசினால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் 'நீ'தான். இரண்டு வாரம் ஒரே அறையில் அவளோடு இருக்கலாமே என்ற ஆசையில் சரி என்று சொல்லிவிட்டு, பயணத் திட்டத்தைப் பிறகுதான் வாசித்தேன்.

முதுமலையில் யானை, மலைக்காட்டில் இருவாச்சி, கோடியக்கரையில் பூநாரை. கடைசி நாளுக்கு நேரே இப்படிப் போட்டிருந்தது: 'நீடாமங்கலம் அருகே, பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமம். கிராமத்தாருடன் உரையாடல்.' பக்கத்தில் கிராமத்தின் பெயர். அது என் ஊர்.

"உன் ஊர்தானேம்மா? இவ்வளவு அழகான கதை, நீ ஏன் எனக்குச் சொல்லல?"

எதைச் சொல்வது? அவளுக்கு நான் சொல்லியிருந்தது ஒரே ஒரு வரிதான். உனக்கு ஒரு மாமா இருந்தார், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விபத்தில் போய்விட்டார். அவளும் அதற்கு மேல் கேட்டதில்லை.

விசாவுக்குக் கணினியில் படிவம் நிரப்பினேன். எதற்காகப் போகிறீர்கள் என்ற கேள்விக்குச் சில பதில்களைக் கொடுத்து, ஒன்றைத் தொடச் சொன்னது. வியாபாரம், மருத்துவம், மாநாடு, சுற்றுலா. என் காரணம் அதில் இல்லை. சுற்றுலாவைத் தொட்டேன். 'இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர்' என்ற இடத்தில் என் அண்ணியின் பெயரைப் போட்டேன். முகவரியில் கதவு எண் இல்லாமல் அது மேலே நகர மாட்டேன் என்றது. எங்கள் தெருவில் கதவு இருந்த வீடே அப்போது குறைவு. ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தள்ளிவிட்டேன்.

2

ஊருக்குப் போன் செய்தேன். குஞ்சம்மா அண்ணி, செத்துப்போன என் அண்ணன் காத்தையனின் மனைவி. கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் தாலியை இழந்தவள். மறுபடி கட்டிக்கொள்ளவும் இல்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் ஆயா.

"வெள்ளைக்காரங்களோடயா வர்ற? ஏண்டி, தனியா வந்தா ஊரு ஒன்னைக் கடிச்சிடுமா?"

"கயல் ஏற்பாடு பண்ணியிருக்கா அண்ணி."

"சரி வா. வர்றவங்கள எல்லாம் எங்கிட்டத்தான் கூட்டியாருவாங்க. நான்தான் குருவியக் காப்பாத்துன அம்மா, தெரியுமில்ல?" என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நீ வர்றதும் நல்லதுதான். ஒரு சங்கதி ஒன்னையக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்."

தெருப் பையன்கள் வெடி கேட்கிறார்களாம்.

"ஆத்துல தண்ணி பிந்தி வருது. ஏரி ரொம்பறதுக்குள்ள கார்த்திகை முடிஞ்சிடுது. ஐப்பசியில ஒரு குருவியுங் கெடையாது. அப்பறம் யாருக்காக ஆயா வெடிக்காம இருக்கோம்னு கேக்கறானுவ. அவனுவ கேக்கறதும் ஞாயந்தானே?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க நாத்தனா வரட்டும், கேட்டுச் சொல்றேன்னு வெச்சிருக்கேன். கூடப் பொறந்தவ நீதானே."

யாருக்காக என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாது. அண்ணிக்கும் எனக்கும் தெரியும். தெரிந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் அண்ணனுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. எரித்த இடத்தில் இப்போது தார் ரோடு ஓடுகிறது. வருஷத்தில் ஒரு நாள் அந்தத் தெரு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவனுக்கென்று மிச்சம் இருந்தது. அதுவும் போய்விடும் போலிருந்தது. கூடாது என்று சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

3

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டீக்கடை ரேடியோவில் மந்திரிகள் அடுக்குமொழியில் பேசுவார்கள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வந்து அப்படியே வீட்டில் பேசிக் காட்டுவான். எனக்குப் பூங்கோதை என்று பெயர் வைத்ததே அவன்தான். ஆட்சி மாறியதில் எங்கள் தெருவுக்கு இரண்டு லைட்டுக் கம்பம் வந்தது. ஊரார் வாயில் அது தெரு இல்லை, சேரி. கூலி மட்டும் அசையவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுப்பார். எங்கள் ஆட்கள் வரப்பில் செங்கொடியை நட்டு மறிப்பார்கள். பின்னால் அதே கழக ஆட்சிதான் நாங்கள் குடியிருந்த மனை எங்களுக்கே என்று சட்டம் போட்டது, என்னை ஹாஸ்டலில் சேர்த்து நர்ஸாக்கியது. இதையும் சொல்லாமல் விட்டால் அண்ணன் என்னைத் திட்டுவான்.

அந்த வருஷம் குறுவை முற்றி நிற்கும்போது கூலிப் பேச்சு முறிந்துவிட்டது. தீபாவளிக் காலையில், எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து வெளியாட்களை இறக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. அண்ணனுக்கு அது தலைத் தீபாவளி. மாமனார் வீட்டில் இருக்க வேண்டியவன், அறுப்புத் தகராறு என்று ஊரிலேயே தங்கிவிட்டான். விடிகிற நேரத்தில் இன்னும் இரண்டு பேரோடு வயலுக்குக் கிளம்பினான். "வந்து குளிச்சுக்கறேன், தண்ணியச் சூடா வையி" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

வெளிச்சம் வந்ததும் ஊர்த்தெருவில் வெடி ஆரம்பித்தது. எங்கள் தெருவிலும் எங்கள் பங்குக்கு ஓலை வெடி. மிராசுதார் வீட்டு வெடி பெரிய வெடி. அதன் சத்தத்தைக் கேட்பதற்கென்றே நாங்கள் வாசலில் நிற்போம். சரம், யானை வெடி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது வயல் பக்கத்திலிருந்து ஒன்று கனமாகக் கேட்டது. அண்ணி அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே, "இது என்னா வெடி புதுசா? காத அடைக்குது" என்றாள். "மெட்ராஸ் வெடியா இருக்கும்" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். வெந்நீர் கொதித்து வற்ற, அண்ணி மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

அண்ணனை மதியம்தான் வாய்க்காலிலிருந்து தூக்கி வந்தார்கள். கூடப் போன இரண்டு பேரும் அடிபட்டு வேறு பக்கம் ஓடிக் கருவைக்காட்டில் ஒளிந்திருந்தவர்கள். அண்ணனைச் சுட்டதை அவர்களும் பார்க்கவில்லை.

மிராசுதார் வீட்டில் உள்ளான் குருவி சுடுவதற்கென்று ஒரு துப்பாக்கி இருந்தது. கோர்ட்டில் அவருடைய வக்கீல் எங்கள் ஆட்களைக் கூண்டில் ஏற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்டார். அன்று காலை துப்பாக்கிச் சத்தம் கேட்டதா? எங்கள் ஆட்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "வெடின்னு நெனச்சோங்க" என்றார்கள். அண்ணியையும் கேட்டார்.

"துப்பாக்கிச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க."

கேஸ் நிற்கவில்லை, மிராசுதாரை விடுதலை செய்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லித் தோற்றுவிட்டு எல்லாரும் பஸ் ஏறி ஊருக்கு வந்தார்கள்.

அடுத்த தீபாவளிக்கு எங்கள் தெருவில் ஒரு வெடி கூட வெடிக்கவில்லை. துக்கம் என்றுதான் வெளியே நினைத்தார்கள். எங்களுக்குள் பேசிக்கொண்டது வேறு. நம் தெருவாவது சத்தமில்லாமல் இருந்தால், இன்னொரு முறை துப்பாக்கி வெடித்தால் அது துப்பாக்கி என்று நமக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த மௌனம். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு ஒரு தெருவே தீபாவளி அன்று உட்கார்ந்திருக்கும். பலகாரம் கூடச் சத்தமில்லாமல் சாப்பிட்டோம்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். "என்ன, ஆர்ப்பாட்டமா? விடுதலை ஆனது பிடிக்கலேன்னு காட்டுறீங்களா?" என்று மிரட்டினார். எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அண்ணி ஏரிப் பக்கம் கையைக் காட்டி, "குருவி பறந்துடுங்கய்யா, அதான் வெடிக்கல" என்றாள். ஏரிக்குள் கருவை மரத்தில் நாலைந்து நத்தைக்குத்தி நாரைகள் அந்த வருஷம் கூடு கட்டியிருந்தன. அவர் சிரித்துவிட்டுப் போனார். மறு வருஷம் கேட்டபோதும் குருவிதான். அதற்கு அடுத்த வருஷம் யாரும் கேட்கவே இல்லை.

4

கடைசி நாள் என்றால் இந்தப் பறவைக் கூட்டத்துக்கு ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. பார்க்காமல் விட்டதை இன்றைக்குள் பார்த்தாக வேண்டும். வேதாரண்யத்தில் உப்பளத்தைத் தாண்டும்போதே வேனை மூன்று முறை நிறுத்திவிட்டார்கள். ஆலன் என்று ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனிதர், ஒவ்வொரு மின்கம்பியையும் பாடம் கேட்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். வழிகாட்டி ஹரி சென்னைப் பையன், கெட்டிக்காரன். பறவையைப் பார்ப்பதற்கு முன் குரலை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவான். அந்தத் திறமை எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, ஆனால் பறவைக்கு இல்லை. எங்கே பெரிய சத்தம் கேட்டாலும் நின்றுவிடுவேன். அது கதவா, டயரா, பட்டாசா என்று பெயர் தெரியும் வரை மூச்சு விட மாட்டேன். இங்கிலாந்தில் நவம்பரில் ஊர் முழுக்க வாணம் விடும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் நானாகக் கேட்டு டூட்டி வாங்கிக்கொள்வேன். அங்கே சுவர் கனம். சின்ன வயதில் கயல் தோட்டத்தில் மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு தன் அப்பாவோடு நிற்கும் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. எதிலும் நான் இல்லை. அம்மாவுக்குச் சத்தம் என்றால் பயம் என்று அவள் சினேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மெஷின்தான் அறுக்கிறது, பின்னாலேயே கொக்குக் கூட்டம். மெஷின் வெளியூரிலிருந்து வந்தது என்று டிரைவர் சொன்னார். வரப்பில் கொடி இல்லை, மறிக்கவும் ஆள் இல்லை. இதற்கா அண்ணன் செத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கயல் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கொக்குகளைப் பார்த்தாள்.

ஹரி மைக்கைப் பிடித்து எங்கள் தெருவின் கதையை ஆரம்பித்தான். தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைத் தெய்வமாக நினைக்கும் எளிய மக்களாம் நாங்கள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. நாங்கள் மடையானும் கொக்கும் தின்று வளர்ந்தவர்கள். என் அப்பா வலை விரித்தால் ஒன்று கூடத் தப்பாது. குருவிகள் எங்கள் ஏரியைத் தேடி வந்ததற்குக் காரணம் எங்கள் கருணை இல்லை, கேஸோடு மிராசுதார் வீட்டுத் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதுதான் என்பது என் கட்சி. வேனுக்குள் எல்லாரும் கை தட்டினார்கள். கயலும் தட்டினாள், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு.

5

ஏரிக்கரையில் புதிதாக ஒரு பலகை, சிமெண்டு பெஞ்சு. பெஞ்சில் அண்ணி. பின்னால் புளியமரத்தடியில் ஏழெட்டுப் பையன்கள் பைக்குகளில் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஏரிக்குள் மரம் தெரியாமல் நாரைகள். கூட்டம் மூன்று கால் வைத்த தொலைநோக்கியை விரித்து நிறுத்தியது.

"இவங்கதான் இந்த வழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சவங்க" என்று ஹரி அறிமுகம் செய்ய, அண்ணி அவனைத் தாண்டி வந்து என் கன்னத்தை வழித்து நெற்றிப் பொட்டில் விரலை முறித்தாள்.

"எளைச்சுட்டடி. அங்க சோறு கெடைக்குதா இல்லியா?"

ஹரி என் பக்கம் திரும்பினான். "மேடம், நீங்க... சொல்லவே இல்லையே?"

"நீ எங்கப்பா கேட்ட" என்றேன்.

ஆலன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எதனால் இவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று கேட்கச் சொன்னார். ஹரி வழக்கம்போல் தொண்டையைச் செருமினான். அண்ணி கையமர்த்தினாள்.

"நீ செத்த சும்மா இரு தம்பி. இன்னைக்கு எங்க பூங்கோதை சொல்லட்டும்."

இத்தனை முகங்களுக்கு முன்னால் என் வாயில் வந்தது ஹரியின் கதைதான். கூடு, குஞ்சு, சத்தம் கேட்டால் மிரளும் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தச் சொன்ன?"

"குருவின்னு சொன்னேன் அண்ணி."

"குருவி போலீசுக்குச் சொன்னதுடி. இவங்க என்ன போலீசா?" புளியமரத்தைப் பார்த்துத் திரும்பினாள். "டேய், பைக்க வுட்டுட்டு இங்க வாங்க. யாருக்காகன்னு கேட்டீங்கல்ல. வந்து கேட்டுக்கங்க."

ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளிகள் வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அண்ணி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். என் புருஷன் தண்ணியைச் சூடாக வை என்றார். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். என் புருஷனைச் சுட்டார்கள். நான் அதை வெடி என்றேன். என் அண்ணனை என் வாயாலேயே புருஷன் என்று சொல்லிக்கொண்டு போனேன். கயல் நடுவில் ஒரு முறை, "விபத்துன்னு சொன்னியே" என்றாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கியிருக்க முடியாது.

கோர்ட்டு வரைக்கும் சொல்லி அண்ணி நிறுத்தினாள். யாரும் நாரைகளைப் பார்க்கவில்லை. பையன்களில் உயரமாக இருந்தவன் அண்ணி காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நாங்க வெடிக்கல ஆயா. எப்பவும் வெடிக்க மாட்டோம்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

"இல்லடா, வெடிங்க" என்றாள் அண்ணி. "குருவி இருந்தா வேணாம். இல்லாதப்ப வெடிங்க."

"அண்ணி, வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்றதக் கேளு. இத்தினி வருசமா ஒவ்வொரு தீவாளிக்கும் இதே கரையில ஒக்காந்து ஊர்த்தெரு வெடியக் கேட்டிருக்கேன். ஓலை வெடி, யானை வெடி, சரம், இப்ப புதுசு புதுசா வர்றது, ஒண்ணு விடாம எல்லாத்தையுங் கேட்டாச்சு. அன்னைக்குக் கேட்டது இதுல எதுலயும் இல்ல. ஒரு வருசங்கூட அது திரும்பக் கேக்கல. வித்தியாசம் தெரியுமான்னு கேட்டான்ல வக்கீலு, தெரியாதுன்னேன். இப்பத் தெரியும்டி எனக்கு."

கயல் அவள் பக்கத்தில் போய் நின்றாள். "அத்தை, இப்ப கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"துப்பாக்கின்னு சொல்லுவேன்" என்றாள் அண்ணி. கூண்டில் நிற்பது போல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

ஆலன் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அன்றைக்கு நானும் வாசலில் நின்றேன், எனக்கும் கேட்டது, சின்னப் பிள்ளை என்று கோர்ட்டில் என்னை யாரும் கூப்பிடவில்லை, என்னைக் கேட்டாலும் துப்பாக்கி என்றுதான் இப்போது சொல்வேன் என்று முதலில் ஆங்கிலத்திலும், பிறகு அந்தப் பையன்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹரி மெதுவாக, அடுத்த தடவை வருகிறவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று அண்ணியைக் கேட்டான்.

"ஒன் இஷ்டம் தம்பி. குருவி மேலயும் எனக்குப் பாசந்தான்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "கூடப் பொறந்தவ, நீ சொல்லு. வெடிக்கட்டுமா?"

"வெடிக்கட்டும் அண்ணி" என்றேன்.

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. கயல் இப்போது அடிக்கடி கூப்பிடுகிறாள், மாமாவைப் பற்றிக் கேட்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறேன். சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். இத்தனை வருஷம் அந்தச் சத்தம் எனக்குள் எப்போது கேட்டாலும் சரவெடியோடும் தெருப் பெண்களின் சிரிப்போடும் கலந்துதான் கேட்கும். அந்த ஏரிக்கரையிலிருந்து வந்த பிறகு தனியாகக் கேட்கிறது.